மூலமொழி படைத்த டோல்கீன்

கவிஞர் சொல்லைத் தேடுகின்றார். மொழிநூலார் அச்சொல்லின் தாயைத் தேடுகின்றார். இவ்விரு தேடலும் ஒருவரிடத்தே கூடினால் என்ன நிகழும் என்பதற்கு, ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக விளங்கி 1973-இல் மறைந்த ஜே. ஆர். ஆர். டோல்கீனின் வாழ்க்கை சான்றாகும். மோதிரம் ஒன்றைப் பற்றி அவர் எழுதிய பெருங்கதையை உலகெங்கும் அறிவர். அக்கதைக்கு அடியில், எவரும் எக்காலத்தும் பேசியிராத ஒரு மூலமொழியும், அதிலிருந்து ஒலித்திரிபு விதிகளின்படி கிளைத்த மொழிகள் பலவும் இருப்பதை அறிந்தோர் குறைவு. மொழியே முதலில் பிறந்தது. அதைப் பேசுவோர்க்கு ஓர் உலகம் வேண்டுமே என்பதற்காகக் கதை பின்னர் வந்தது. அவரே இதைப் பலமுறை சொல்லியிருக்கின்றார். வாசகர் பலர் அதைப் புலவரின் அடக்கவுரை என்றே எடுத்துக்கொண்டனர்.

1892 ஜனவரி 3 அன்று, தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைன் நகரில் அவர் பிறந்தார். தந்தை ஆர்தர் அங்கே வங்கி அலுவலர். 1895-இல் தாய் மேபெல் தம் இரு மைந்தரையும் அழைத்துக்கொண்டு இங்கிலாந்துக்கு வந்தார். மறு ஆண்டே தந்தை ஆப்பிரிக்காவில் நோயுற்று இறந்தார். பர்மிங்காமுக்கு அருகில் சேர்ஹோல் என்னும் சிற்றூரில், குறைந்த வருவாயில், அத்தாய் பிள்ளைகளுக்குத் தாமே ஆசிரியரானார். இலத்தீனை முதலில் அவருக்குக் கற்பித்தவர் தாய்தான். சொல்லின் பொருளைக் காட்டிலும் அதன் ஓசையும் உருவமும் அச்சிறுவனை ஈர்த்தன. 1900-இல் மேபெல் கத்தோலிக்க சமயத்தைத் தழுவினார். உறவினர் சினந்து, தந்துவந்த பொருளுதவியை நிறுத்தினர். 1904 நவம்பரில் அவர் நீரிழிவு நோயால் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 34. மூத்த மகனுக்கு 12. இன்சுலின் கண்டறியப்பட இன்னும் பதினேழு ஆண்டுகள் இருந்தன. பிரான்சிஸ் மார்கன் என்னும் பாதிரியார் பிள்ளைகளின் காப்பாளரானார்.

மொழியைத் தந்த தாய், மொழி முற்றுமுன் மறைந்தார். இதை இங்கேயே நினைவில் வைக்குமாறு வாசகரை வேண்டுகின்றேன். கட்டுரையின் பிற்பகுதியில் இதற்குத் திரும்ப வேண்டியுள்ளது.

சிறுவயதில் அவர் கண்ட மொழி விளையாட்டுகள் பல. தாயின் உடன்பிறந்தாளுடைய பிள்ளைகள் விலங்குப் பெயர்களைக் கொண்டு ஒரு கள்ளமொழி பேசினர். பின்னர் 'நெவ்போஷ்' என்ற ஒன்று வந்தது. அடுத்து, காப்பாளரின் ஸ்பானிய நூல்களைப் பார்த்து அவர் தாமே 'நஃபாரின்' என்ற ஒன்றைச் செய்தார். இவற்றில் பெரிதாக ஒன்றுமில்லை. இருக்கும் சொற்களைக் கலைத்து அடுக்கும் வேலையே அவை. அவருடைய வீட்டின் பின்னே ஓடிய இருப்புப்பாதையில் தெற்கு வேல்ஸிலிருந்து நிலக்கரி வண்டிகள் வந்தன. அவற்றின் பக்கங்களில் எழுதப்பட்டிருந்த வேல்ஸ் ஊர்ப்பெயர்கள் அச்சிறுவனுக்கு விளங்கவில்லை. ஆயினும் அவை பழமையானவை என்பதும் உயிருள்ளவை என்பதும் விளங்கின. அந்த வண்டிகளே நெவ்போஷினும் மேலான பாடம்.

பள்ளியில் பயின்றபோது, நண்பன் ஒருவன் வேதநூற் பயிற்சிக்கு உதவும் என்று தவறாக எண்ணி வாங்கிவிட்ட ஒரு நூல் அவரிடம் விலைக்கு வந்தது. அது ஜோசப் ரைட் எழுதிய காதிக் மொழியின் தொடக்க இலக்கணம். காதிக் என்பது செருமானியக் குடும்பத்தின் மறைந்துபோன மூத்த கிளை. நான்காம் நூற்றாண்டில் வுல்ஃபிலா என்னும் ஆயர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பின் எஞ்சிய பகுதிகளாலேயே அம்மொழியைப் பெரிதும் அறிகின்றோம். சான்றுகள் குறைவாதலின் அதில் இல்லாத சொற்கள் ஏராளம். ஆனால் உடன்பிறந்த மொழிகளில் ஒரு சொல் எவ்வாறுள்ளது என்பதையும், ஒலிகள் எந்த ஒழுங்கில் மாறின என்பதையும் அறிந்தால், அச்சொல் காதிக் மொழியில் எவ்வடிவில் இருந்திருக்கும் என்று கணிக்கலாம். இலத்தீனில் 'பாட்டெர்' என்பது ஆங்கிலத்தில் 'ஃபாதர்'. 'பிஸ்கிஸ்' என்னும் மீன் அங்கே 'ஃபிஷ்'. பகரம் ஃபகரமானது ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்த விபத்தன்று, அது ஒழுங்கு. யாக்கோப் கிரிம் 1822-இல் விளக்கிய அவ்வொழுங்கே மொழிநூலுக்கு அடித்தளம். இவ்வாறு கணித்துப் பெற்ற வடிவத்தின் முன்னே மொழிநூலார் ஓர் உடுக்குறி இடுவர். சான்றில் இல்லை, ஆயினும் இருந்திருக்க வேண்டும் என்பது அதன் பொருள். இளைஞர் டோல்கீன் காதிக் மொழியில் இல்லாத சொற்களைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். அறிவியலுக்கும் கற்பனைக்கும் இடையிலிருந்த வேலி அந்த உடுக்குறியின் வழியே திறந்துகொண்டது.

1911-இல் ஆக்ஸ்ஃபோர்டின் எக்ஸிட்டர் கல்லூரியில் சேர்ந்தார். ஒப்பியல் மொழிநூலைக் கற்பித்தவர் அதே ஜோசப் ரைட். சிறுவனாக ஆலையில் உழைத்து, பதினைந்து வயதளவில் எழுத்தறிந்து, பின்னர் பேராசிரியராகி ஆங்கில வட்டார வழக்ககராதியைத் தொகுத்த பெருமகன் அவர். அவரைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை எழுதலாம். அக்கல்லூரி நூலகத்தில் ஒரு ஃபின்னிய மொழி இலக்கணம் டோல்கீன் கைக்குக் கிடைத்தது. அன்று முதல் அவருடைய தேர்வுப் படிப்பு தளர்ந்தது. செருமானியச் சாயலில் அவர் புனைந்துகொண்டிருந்த மொழி கைவிடப்பட்டது. உயிரொலிகள் மிகுந்த, வேற்றுமையுருபுகள் அடுக்கிவரும் புதிய மொழியொன்று தொடங்கியது. அதுவே பின்னர் 'க்வென்யா' எனப் பெயர்பெற்றது. 1913-இல் அவர் கிரேக்க இலத்தீன் படிப்பை விட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். பழைய ஆங்கிலச் சமயப் பாடல் ஒன்றில் வந்த 'எயாரெண்டெல்' என்ற பெயர் அவரை வருத்தியது. வருத்தியது என்பதே சரியான சொல்; அதன் அழகுக்குப் பொருள் காண முடியவில்லை. 1914-இல் அப்பெயரைக் கொண்டு ஒரு பாட்டெழுதினார். பின்னாளில், தம் மொழியில் அப்பெயருக்குக் 'கடலை நேசிப்பவன்' என்று பொருள்படுமாறு வேர்களையே அமைத்துக்கொண்டார்.

1915-இல் முதல் வகுப்பில் தேறினார். அவ்வாண்டில்தான் க்வென்யாவின் ஒலியியலும் அகராதியும் கையேட்டில் உருவாகத் தொடங்கின. 1916 மார்ச்சில் எடித் பிராட்டை மணந்தார். ஜூனில் பிரான்சின் போர்க்களம் சென்றார். சோம் ஆற்றுப் போரின் முதல்நாளாகிய ஜூலை 1 அன்று பள்ளித்தோழர் ராப் கில்சன் இறந்தார்; டிசம்பரில் மற்றொரு தோழர் ஜி. பி. ஸ்மித் இறந்தார். டோல்கீன் பதுங்குகுழிக் காய்ச்சலால் நவம்பரில் தாயகம் அனுப்பப்பட்டார். மருத்துவமனைப் படுக்கைகளில்தான் கதைகளும், 1917-இல் இரண்டாம் மொழியின் அகராதியும் எழுந்தன. இந்த இரண்டாம் மொழி வேல்ஸின் சாயலுடையது. பின்னர் 'சிந்தாரின்' எனப்பட்டது.

இவ்விடத்தில்தான் அவருடைய தனித்தன்மை தோன்றுகின்றது. செயற்கை மொழிகளை உருவாக்கியோர் அவருக்கு முன்பும் உண்டு. ஆனால் ஃபின்னியம் போன்ற ஒன்றையும் வேல்ஸ் போன்ற ஒன்றையும் எடுத்துக்கொண்டு, இவ்விரண்டும் ஒரு தாய்வயிற்றுப் பிள்ளைகள் என்று சொல்லி, அத்தாயையும் படைத்து, அவளிடமிருந்து இருவரும் எப்படிப் பிரிந்தனர் என்பதைப் படிப்படியாகக் காட்டுவது வேறு வேலை.

அம்மூலமொழியில் அன்னத்துக்கு 'அல்க்வா' என்று பெயர். க்வென்யா அதை ஏறத்தாழ அவ்வாறே காத்தது. கடற்கரையில் வாழ்ந்த மற்றொரு கிளை 'அல்பா' என்றது. சிந்தாரினில் இறுதி உயிர் தேய்ந்து 'அல்ஃப்' ஆயிற்று. 'க்வ்' என்னும் ஒலி பகரமாவது கற்பனையன்று. தலையைக் குறிக்கும் கெல்டியச் சொல் ஐரிஷ் மொழியில் ககரத்துடன் 'கென்' என்றும் வேல்ஸில் பகரத்துடன் 'பென்' என்றும் நிற்பது அதே திரிபினால்தான். மரத்துக்கு மூலச்சொல் 'கலதா'. முதலெழுத்தைக் காந்தியின் பெயரில் ஒலிப்பதுபோல் ஒலிக்க. க்வென்யா முதலிலுள்ள அக்ககரத்தை இழந்து, நடுவுயிரையும் விட்டு, 'அல்தா' என்றது. இங்கே தகரம் 'பந்து' என்பதில் உள்ளது. சிந்தாரின் முதலெழுத்தைக் காத்து, கடையுயிரை விட்டு, 'கலத்' என்றது. இங்கே தகரம் 'அது' என்பதில் உள்ளதுபோல் கசிந்தொலிக்கும். உயிர்களின் நடுவே வல்லொலி மெலிவதைத் தமிழர்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. நாட்டைக் குறிக்கும் 'ந்தோரே' ஒரு புறம் 'நோரே' ஆயிற்று. மறு புறம் 'தோர்' ஆயிற்று. 'மோர்தோர்' என்னும் பெயரின் பின்பகுதி அதுவே.

பன்மையின் கதை இன்னும் சுவையானது. மூலமொழியில் நெடில் ஈகாரம் ஈற்றில் வந்து பன்மை காட்டியது. சிந்தாரினில் அவ்வீறு மறைந்தது. மறையுமுன் தனக்கு முன்னிருந்த உயிர்களைத் தன்பால் இழுத்துச் சென்றது. ஆகவே 'அமோன்' குன்று, 'எமின்' குன்றுகள். விகுதி போய்விட்டது, அது வந்து சென்ற தடம் மட்டும் சொல்லுக்குள் நிற்கின்றது. ஆங்கிலத்தில் 'ஃபுட்' என்பது 'ஃபீட்' ஆவதும் இவ்வகையே.

க்வென்யாவின் இலக்கணம் நமக்கு அயலாகத் தோன்றாது. 'கிர்யா' கப்பல், 'கிர்யன்னா' கப்பலை நோக்கி, 'கிர்யல்லோ' கப்பலிலிருந்து, 'கிர்யஸ்ஸே' கப்பலில், 'கிர்யனென்' கப்பலால். ஒருமை, இருமை, பன்மையோடு, கூட்டத்துள் ஒரு பகுதியைக் குறிக்கும் எண்ணும் உண்டு. இந்த ஒட்டுநிலை இயல்பு ஃபின்னியத்திலிருந்து வந்தது. தமிழோடு ஒத்திருப்பது வகையால், உறவால் அன்று.

இதைச் சற்று அழுத்திச் சொல்லக் காரணமுண்டு. அவருடைய கதையில் எல்ஃப் என்னும் சாவற்ற இனத்தார் ஏரிக்கரையில் முதன்முதலாகக் கண்விழித்து, வானத்து விண்மீன்களைக் கண்டு, வியந்து எழுப்பிய ஒலி 'எலே' என்பது. அதிலிருந்து 'எல்' என்னும் வேர் விண்மீனைக் குறிக்கலாயிற்று. சங்கத் தமிழில் 'எல்' என்பது ஒளி. நம் நண்பர் சிலர் இங்கே துள்ளியெழக்கூடும். டோல்கீன் இருந்திருந்தால் அவர்களை மெல்ல அமரச் செய்திருப்பார் என்றே எண்ணுகின்றேன். சரிதலைக் குறிக்கத் தாம் அமைத்த 'தலத்' என்னும் வேரிலிருந்து, கடலில் மூழ்கிய தம் கதைத் தீவுக்கு 'அதலந்தே' என்ற பெயர் இலக்கணப்படி வந்தபோது, அட்லாண்டிஸ் என்னும் பழங்கதைப் பெயரோடு அது ஒத்திருப்பது தற்செயலே என்று அவர் விளக்கினார். ஓரிரு சொற்கள் ஒலியால் ஒத்தல் உறவாகாது. திரிபு ஒழுங்காக நிகழ வேண்டும்.

அலுவல் வாழ்வை விரைந்து சொல்லிவிடலாம். 1919-20-இல் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியில் டபிள்யூ எழுத்துச் சொற்களின் வரலாற்றை ஆய்ந்தார். 1920 முதல் லீட்ஸ் பல்கலைக்கழகம்; 1925 முதல் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலப் பேராசிரியர்; 1945 முதல் 1959 வரை மெர்ட்டன் பேராசிரியர். 1936-இல் பேயோவுல்ஃப் காப்பியத்தைப் பற்றி அவர் ஆற்றிய பொழிவு அக்காப்பியத்தைப் படிக்கும் முறையையே மாற்றியது. 1937-இல் 'ஹாபிட்'; 1954-55-இல் மூன்று தொகுதிகளாகப் பெருங்கதை. ஆய்வுநூல்கள் அவரிடமிருந்து குறைவாகவே வருகின்றன என்ற முணுமுணுப்பு உடன்பணியாற்றியோரிடையே இருந்தது. நியாயமான முணுமுணுப்புத்தான். இரவுகளில் அவர் இல்லாத மொழிக்கு வேர்ச்சொல் அகராதி எழுதிக்கொண்டிருந்தார். 1930-களின் இறுதியில் அவர் தொகுத்த அது 1987-இல்தான் அச்சேறியது. 1931-இல் ஒரு சிறு அவையில் இப்பழக்கத்தை ஒரு மறைவான தீயொழுக்கம்போல் நாணத்துடன் வெளியிட்டார்.

மொழியாக்கத்தில் அவரை வாட்டிய வினா ஒன்று. மனித மொழிகள் மாறுவதற்கு ஒரு காரணம், முதியோர் மறைந்து இளையோர் வருவது. பாட்டி சொன்னதைப் பேரன் வேறாகக் கேட்கின்றான். எல்ஃப் இனத்தார்க்குச் சாவில்லையே; ஆயிரமாண்டுக்கு முன் முதற்சொல்லைச் சொன்னவர் இன்றும் அருகில் அமர்ந்திருக்கும்போது மொழி ஏன் மாற வேண்டும்? அவர் கண்ட விடை கவிஞர்க்கு உவப்பளிப்பது. அவர்கள் அறிந்தே மாற்றுகின்றனர். நெய்பவர் நெசவில் புதிய இழையை விரும்புவதுபோல், பழகிய சொல்லில் புதிய ஓசையை விரும்பி மாற்றுகின்றனர். அவர்களிடத்தில் ஒலித்திரிபு மறதியால் வருவதன்று, சுவையால் வருவது.

சுவையால் வருவதாயின், அதில் சண்டையும் வரும். 1968 வாக்கில், எழுபத்தாறாம் வயதில், அவர் எழுதிய குறிப்பொன்று இதனைக் காட்டுகின்றது. அவர் மறைந்து 23 ஆண்டுகளுக்குப் பின், 1996-இல், மகன் கிறிஸ்டோபர் அதனைப் பதிப்பித்தார். க்வென்யாவில் முதலில், நாநுனி பல்லிடையே நிற்கக் காற்றுக் கசியும் தகரம் ஒன்று இருந்தது. ஆங்கிலத்தில் 'மூன்று' என்பதைக் குறிக்கும் சொல்லின் முதலொலி அது. பின்னர் நோல்டோர் என்னும் குலத்தார் அதைச் சகரமாக்கினர். நிலவின் பெயர் 'இத்தில்' என்பதிலிருந்து 'இசில்' ஆயிற்று. சிந்தாரின் மட்டும் 'இத்தில்' என்றே நின்றது. ஒரு மொழிநூலார்க்கு இது அரைவரிச் செய்தி. டோல்கீன் இதிலிருந்து ஒரு குலத்தின் பிளவையே எழுப்பினார்.

அக்குலத்தின் அரசி மீரியேல், தையற்கலையில் ஒப்பற்றவள். அதனால் அவளுக்குத் 'தெரிந்தே' என்று சிறப்புப்பெயர். நம் சொல்லோடு குழப்பிக்கொள்ள வேண்டா, தைப்பவள் என்பது பொருள். ஒலிமாற்றம் வந்தபோது ஊரார் 'செரிந்தே' என்றனர். அவள் உடன்படவில்லை, தன் பெயர் பழைய ஒலியோடு வழங்க வேண்டுமென்றாள். மகன் ஃபெயனோரைப் பெற்றபின், உடலும் மனமும் தளர்ந்து, சாவற்ற அந்நாட்டில் தானே உயிர்நீத்தாள். அரசன் மறுமணம் செய்தான். புதிய அரசியின் குலத்தார் பழைய தகரத்தைக் காத்தவர்கள். ஆயினும் கணவன் நாட்டு வழக்கை மதித்து அவள் சகரத்தையே மேற்கொண்டாள். இளம் ஃபெயனோருக்கு இனி அது வெறும் ஒலியன்று. சகரம் பேசுவோர் தாயை மறந்தோர். அவனும் அவன் மைந்தரும் விடாப்பிடியாகத் தகரமே பேசினர். அவனை வெறுத்த கலாத்ரியேல் வேண்டுமென்றே சகரம் பேசினாள். நாவின் நுனி ஓர் இம்மி பின்வாங்கியதில் இரு கட்சிகள் எழுந்தன.

பன்னிரண்டு வயதில் தாயை இழந்தவர், எழுபதைக் கடந்தபின், தாயின் பெயரைத் தாய் ஒலித்தபடியே ஒலிக்கப் போராடும் ஒரு மகனை எழுதுகின்றார். தம்மை எண்ணித்தான் எழுதினாரென்று அடித்துச் சொல்ல எனக்கு உரிமையில்லை. அவரோ ஃபெயனோரை நியாயப்படுத்தவுமில்லை. அவன் செருக்கனாகவும் பல கேடுகளுக்குக் காரணனாகவும் கதையில் நிற்கின்றான். மாற்றத்தை அறிவியலால் நன்குணர்ந்த ஒருவர், அதற்குப் பணியாத நெஞ்சுக்கும் இடம் கொடுத்தார் என்பது மட்டும் எனக்குத் தெளிவு. ஒரு மொழியை மாசற்றதாகவே படைக்கும் ஆற்றல் கையிலிருந்தும், அதற்குத் தேய்மானத்தையும் இழப்பையும் அவர் தாமே ஊட்டினார்.

தம் விதிகளுக்குத் தாமே கட்டுப்பட்டவர் என்பதற்கு மற்றொரு சான்று. அதே முதுமையில், 'எல்ரோஸ்' முதலிய பெயர்களில் வரும் 'ரோஸ்' என்னும் ஈற்றுக்கு நீண்டதொரு வரலாறு வகுத்தார். அது மனிதக் குலம் ஒன்றின் மொழியிலிருந்து வந்ததாக நுட்பமாக நிறுவினார். எழுதி முடித்தபின், முன்னமே அச்சாகிவிட்ட தம் கதையில் 'கைர் அந்த்ரோஸ்' என்னும் ஆற்றுத் தீவின் பெயரில் அதே சொல் நுரை என்னும் பொருளில், சிந்தாரினாகவே நிற்பதைக் கண்டார். அச்சேறியது மாறாது. இவ்விளக்கத்தில் பெரும்பகுதி நிற்காது என்று அத்தாளிலேயே குறித்துவைத்தார். படைத்தவர் தாமே ஆயினும், சான்று எதிர்த்தால் பணிவதே மொழிநூலாரின் ஒழுக்கம். 1950-ஐ ஒட்டி, வேல்ஸ் சாயல் மொழியின் வரலாறு முழுவதையும் ஒரு குலத்திடமிருந்து எடுத்து வேறொரு குலத்துக்கு உரியதாக மாற்றியபோதும் இத்தகைய உழைப்பையே அவர் மேற்கொண்டார். அதனால்தான் அவர் வாழ்நாளில் அம்மொழிகளின் முழு இலக்கணம் வெளிவரவில்லை. தாள்கள் பெருகின; முடிவு வரவில்லை.

1971 நவம்பரில் எடித் மறைந்தார். இளமையில், 1917-இல், ரூஸ் என்னும் சிற்றூரின் மரச்சோலையில் வெண்பூக்களிடையே அவர் ஆடியதைக் கண்டே டோல்கீன் தம் கதைகளுள் தலையாய காதற்கதையைப் புனைந்திருந்தார். அக்கதைத் தலைவியின் பெயரை மனைவியின் கல்லறையில் பொறிக்கச் செய்தார். 1973 செப்டம்பர் 2 அன்று அவரும் போர்ன்மத் நகரில் மறைந்து, ஆக்ஸ்ஃபோர்டின் உல்வர்கோட் இடுகாட்டில் அதே குழியில் அடக்கமானார். அவர் பெயருக்குக் கீழே 'பெரென்' என்றும், எடித் பெயருக்குக் கீழே 'லூத்தியென்' என்றும் அக்கல்லில் உள்ளன. லூத்தியென் என்பது சிந்தாரின் வழங்கிய நாட்டுப் பெயர். அதன் நடுவே நிற்பது சகரமாகாத தகரம்.